ஓடைக்கொட்டாய் மேல் அடித்த வெள்ளை

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் இரண்டு நீலம் இருந்தன. வானத்துக்குக் கோபால்ட் நீலம், தண்ணீருக்குப் பிரஷ்யன் நீலம். இரண்டும் சின்னச் சோப்புத் துண்டு மாதிரி வில்லையாக வரும். பீங்கான் கிண்ணத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு உரசிக் கரைத்துக்கொள்ள வேண்டும். கோபால்ட் தாளின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம். பிரஷ்யன் தாளுக்குள் இறங்கிவிடும். தாளைக் கிழித்தால்தான் போகும். ஆகவே வானத்தில் தப்புப் பண்ணலாம், தண்ணீரில் பண்ணக்கூடாது என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட முதல் விஷயம்.

கம்ப்யூட்டரில் படம் போடுகிற உங்களுக்கு இரண்டு விசையை அழுத்தினால் தப்பு நடக்காத மாதிரி ஆகிவிடுகிறது. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. படம் எப்படிப் போடுவது என்று சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமில்லை, நான் கற்றதெல்லாம் பழசாகிவிட்டது. படத்தைப் போட்ட பிறகு யாராவது வந்து, "இது என்னாங்க?" என்று கேட்பார்கள். அது மட்டும் பழசாகவில்லை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அறுபதுகளின் பிற்பகுதி. தருமபுரி தனி மாவட்டமாகி அதிக காலம் ஆகவில்லை. அரூர்ப் பக்கம் வாடகைக் கட்டடம் ஒன்றில் எங்கள் பொதுப்பணித்துறை அலுவலகம். நான் டிரேசர், அதாவது மற்றவர்கள் போட்ட படத்தை நகலெடுத்து வண்ணம் தீட்டுகிறவள். தற்காலிக நியமனம். அறையில் இருந்த ஒரே பெண்ணும் நான்தான் என்பதால் எனக்கு ஜன்னலோர மேசையைக் கொடுத்திருந்தார்கள். வண்ணம் தீட்டும்போது தூசி விழும் என்று அந்த ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். மின்விசிறி போட்டால் பூச்சு பாதியிலேயே காய்ந்து கோடு விழும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். சித்திரை மாதத்தில் வேர்த்துக்கொண்டே வானம் தீட்டுவோம். ஒருமுறை என் வேர்வை விழுந்து, நல்ல பகல் வானத்தில் நட்சத்திரம் போல ஒரு வெளுப்பு வந்துவிட்டது. எங்கள் ஹெட் டிராப்ட்ஸ்மேன் வந்து பார்த்தார். "பறவைன்னு வச்சுக்கலாம்" என்று சொல்லி, கறுப்பு மையால் இரண்டு இறக்கை போட்டுவிட்டுப் போனார்.

அவர் அதிகம் பேசமாட்டார். பார்க்க விரும்பாத ஏதாவது அறைக்குள் நடந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சில நாட்களில் நாள் முழுவதும் துடைத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் இன்ஜினியரையும் சொல்லிவிடுகிறேன். சதா வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. சேர்ந்த புதிதில் எனக்கு அவரிடம் பயம். அரசாங்கம் கொடுத்த எவர்சில்வர் தம்ளர்கள் எல்லாம் ஒரே அச்சு, குடிக்கவும் அதுதான், தூரிகை கழுவவும் அதுதான். ஒருநாள் அவர் காண்ட்ராக்டர்கள் நாலைந்து பேரோடு என் மேசைக்கு வந்து, ஒரு படத்தைக் காட்டி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே கையை நீட்டி என் தம்ளரை எடுத்து, அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார். பேச்சு மும்முரத்தில் அவருக்கு நிறம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அவர் மறுபடி பேச ஆரம்பித்தபோது பற்கள் நீலமாக இருந்தன. காண்ட்ராக்டர்கள் கூரையைப் பார்த்தார்கள். எல்லோரும் அவருடைய கையெழுத்துக்குக் காத்திருப்பவர்கள், யாரும் சிரிக்கப்போவதில்லை, சொல்லப்போவதுமில்லை. ஹெட் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், அது பிரஷ் கழுவின தண்ணிங்க" என்றேன்.

அவர் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "கோபால்டா, பிரஷ்யனா?"

"பிரஷ்யன் சார்."

"அப்பப் போகாது" என்றார். அந்தப் பற்களோடேயே பேச்சைத் தொடர்ந்தார். மத்தியானம் வரைக்கும் கூட்டம் நடந்தது. எனக்கு மெமோ வரவில்லை. மேலதிகாரி நீலத்தைக் குடித்துவிட்டால், அவர் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நிற்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அடுத்த வருஷம் இதே அறிவு போதாமல் போனது.

மலையடிவாரத்தில் ஓர் ஓடையின் குறுக்கே சின்ன அணை ஒன்றுக்கு உத்தரவு வந்தது. மண்கரை, இரண்டு மதகு, அவ்வளவுதான். ஆனால் மழையே பார்க்காத ஊர்களுக்கு அதுவே பெரிசு. அடிக்கல் நாட்ட அமைச்சர் வருகிறார், பந்தலில் ஒரு பெரிய படம் வைக்க வேண்டும் என்றார்கள். கட்டில் அளவுக்குப் பலகை செய்து அதன் மேல் தாள் ஒட்டினோம். மேல்பாதியில் அணை கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்ற காட்சி: கரை, மலை, தண்ணீர், வானம். கீழ்ப்பாதியில் மேலிருந்து பார்க்கிற மாதிரி இடத்தின் வரைபடம்.

"படத்தப் பாத்தா ஜனங்களுக்குத் தாகம் எடுக்கணும்" என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். நான் வில்லை தேயத் தேய உரசினேன். மேல்பாதியில் கோபால்ட் வானத்தை மலைப்பக்கம் வெளுப்பாக இறக்கி, தண்ணீரைக் கரையோரம் அடர்த்தியாகவும் நடுவே இலேசாகவும் விட்டேன். என் வேலையில் எனக்கே பிடித்த நீலம் அதுதான்.

கீழ்ப்பாதியில் அணை நிறைந்தால் தண்ணீர் எதுவரை நிற்குமோ அதுவரை பிரஷ்யன் நீலம். இனிமேல் கட்டப்போகிற கட்டடங்களுக்குச் சிவப்பு. இருக்கிற வீடுகளுக்குச் சின்னக் கறுப்புச் சதுரம். ஓடைக்கொட்டாய் என்ற ஊரின் கறுப்புச் சதுரங்கள் எல்லாம் நீலத்துக்குள் இருந்தன. சதுரம் எதுவும் கலையாமல் அதன் மேல் ஒரே சீராக நீலம் ஓட்டியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அந்தச் சதுரத்துக்குள் அடுப்பு இருக்கும் என்ற எண்ணம் வரவில்லை. வந்திருந்தால் தூரிகை நின்றிருக்கும், கோடு விழுந்திருக்கும்.

விழாவுக்கு முதல் நாள் இன்ஜினியர் படத்தைப் பார்க்க வந்தார். மேல்பாதியைப் பார்த்துத் தலையாட்டினார். கீழ்ப்பாதி முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"இந்த ஊருக்கு இன்னும் சொல்லலைங்களே" என்றார்.

விஷயம் இதுதான். முதலில் போட்ட திட்டத்தில் ஓடைக்கொட்டாயின் வயல்கள்தான் போவதாக இருந்தது. அதற்குச் சம்மதமும் வாங்கியிருந்தார்கள். பிறகு கரையின் உயரத்தைக் கூட்டினார்கள். தண்ணீர் வீடுகள் வரைக்கும் ஏறியது, காகிதத்தில். ஊருக்கு நோட்டீஸ் விழா முடிந்த பிறகு போகும் என்று மேலே முடிவாகியிருந்தது.

"அந்த எடத்துல மட்டும் நீலத்த எடுத்துடுங்க."

"பிரஷ்யன் சார்."

அவருக்கு அது நன்றாகவே தெரியும். கொஞ்சம் யோசித்தார். "அப்ப மேல வெள்ளை அடிங்க." நான் தூரிகையை எடுக்காததைப் பார்த்து, குரலைத் தணித்து, "நான் உங்களப் பொய் சொல்லச் சொல்லலைங்க. நாளைக்கு ஒரு நாள் சொல்லாம இருக்கச் சொல்றேன். அவ்வளவுதான்" என்றார்.

அவர் போன பிறகு ஹெட்டைப் பார்த்தேன். கண்ணாடி கையில் இருந்தது.

"என்ன சார் பண்றது?"

"மேல இருந்து சொன்னா அடிக்கணும்மா" என்றார். துடைத்து முடித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா கெட்டியா அடிங்க. தண்ணி கலக்காதீங்க."

புட்டியில் இருந்த வெள்ளையை அப்படியே எடுத்துக் கெட்டியாக அடித்தேன். கறுப்புச் சதுரங்கள் மறைந்தன. காய்ந்த பிறகு தள்ளி நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய படத்தில், அவ்வளவு நீலத்துக்கு நடுவே, கண்ணை முதலில் இழுத்தது அந்த வெள்ளைத் திட்டுதான். ஹெட்டும் பார்த்தார். "நல்லா மறைஞ்சிருக்குது" என்றார்.

மறுநாள் அமைச்சர் காலையில் வருவதாக இருந்தது. உச்சி வெயில் வரைக்கும் வரவில்லை. ஒலிபெருக்கியில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சுற்று ஊர் ஜனங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், விழாவில் சாப்பாடு உண்டு என்று தண்டோரா போட்டிருந்தது. பந்தலில் பார்க்க வேறு எதுவும் இல்லாததால் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள என்னைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

தாகம் எடுத்ததா என்று தெரியாது. வெள்ளையைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் பாறை என்றார். ஒருவர், தண்ணிக்கு நடுவே கோயில் கட்டப்போகிறார்கள், அதற்கு விட்ட இடம் என்றார். ஒகேனக்கல் போய் வந்த ஒருவர் அது நுரை என்று அடித்துச் சொன்னார். நான் எதையும் மறுக்கவில்லை.

அப்போது ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். நாற்பது வயது இருக்கும். மாதம்மாள் என்று பேர், ஓடைக்கொட்டாய்க்காரர் என்று பிறகுதான் எனக்குத் தெரியும். எங்கள் சர்வே ஆட்கள் வந்தபோது முள் வெட்டி வழி விடுகிற கூலி வேலைக்கு அவர் போயிருந்தாராம். எங்கெங்கே முளைக்குச்சி அடித்தார்கள் என்று கூடவே நடந்து பார்த்தவர். அவர் வெள்ளையைப் பார்க்கவில்லை. ஓடையைக் காட்டும் கோட்டில் விரலை வைத்து, தொடாமல், காற்றிலேயே கீழிருந்து மேலே கொண்டுபோனார்.

"இது ஓடை. இங்க திரும்புது. இது மாரியம்மன் கோயில் மேடு." விரல் வெள்ளைக்கு வந்து நின்றது. "இங்க எங்கூரு இருக்கணுமே. எங்கூரக் காணோமே?"

பின்னால் இருந்த அவர் ஊர்க்காரர்கள் நெருங்கி வந்தார்கள்.

"அத சார்கிட்ட கேளுங்கம்மா" என்றேன்.

"படம் போட்டது யாருங்க?"

"நான்தாங்க."

"அப்ப உங்களத்தானே கேக்கணும்?"

பத்து அடி தள்ளி இன்ஜினியர் அதிகாரிகளோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், சொல்லுங்கள் என்றும் சைகை காட்டவில்லை, வேண்டாம் என்றும் காட்டவில்லை. ஹெட் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். எனக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை, வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான், வெள்ளைக்கு ஏதாவது ஒரு பெயர் சொன்னால் போதும் என்பதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பாறை, கோயில், நுரை என்று மூன்று பெயர் தயாராகவே இருந்தன. ஒரு நாளைக்குச் சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் வேறு வேறு என்று முந்தின நாள் எனக்கும் பட்டது உண்மை. ஆள் எதிரே நின்று கேட்கும்போது இரண்டுக்கும் நடுவே இடம் இருக்கவில்லை.

"வெள்ளைக்கு அடியில என்னா கெடக்குது?" என்று அவரே கேட்டார்.

"நீலம்."

"நீலம்னா?"

"தண்ணிங்க. அணை நெறஞ்சா உங்க ஊரு வரைக்கும் வரும்."

"வயலுக்குத்தானே?"

"வூட்டுக்கும் வரும்."

அவர் அழவில்லை, கத்தவில்லை. உள்ளங்கையை விரித்து அந்த வெள்ளையின் மேல் வைத்தார். தடுக்கத்தான் என்னை நிறுத்தியிருந்தார்கள், நான் தடுக்கவில்லை. கெட்டியாக அடித்த வெள்ளை மாவு மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் கறுப்புச் சதுரங்கள் மங்கலாகத் தெரிந்தன. அவர் திரும்பி வெள்ளை அப்பிய கையைத் தன் ஊர்க்காரர்களிடம் காட்டினார். எல்லோரும் போய் அடிக்கல் நாட்ட வைத்திருந்த குழியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

இன்ஜினியர் என்னிடம் வந்தார்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க சார்."

"சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

அவர் படத்தைப் பார்த்தார். "சரி" என்றார். அந்த ஒரு சொல்லில் என் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தூரத்தில் கார்களின் புழுதி தெரிந்தது. ஓர் அதிகாரி, போலீசை விட்டு அவர்களை எழுப்பச் சொல்லலாம் என்றார். இன்ஜினியர் குழியருகே போய், வெள்ளைக் கால்சட்டையோடு செம்மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். நான் வாங்கிய வசவுகளையெல்லாம் மறந்துவிட்டேன், அவர் அன்று பேசியது மறக்கவில்லை.

"அந்தம்மா சொன்னது நெசங்க. வூடும் போவுது. நாளைக்கு ஆள் உட்டுச் சொல்லலாம்னு இருந்தோம். நேத்தே நான் வந்து சொல்லியிருக்கணும். இப்பச் சொல்றேன், என்னா வேணும்னு கேளுங்க."

ஒரு பெரியவர், அணையே வேண்டாம் என்றார். இன்னொருவர், கீழே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் தண்ணீர் வேண்டும், அங்கேதான் தன் மகளைக் கொடுத்திருக்கிறேன் என்றார். அவர்களுக்குள்ளேயே சத்தம் எழுந்தது. மாதம்மாள் எழுந்து, என்னைப் பார்த்து, "அந்தப் படத்தக் கொண்டாங்க" என்றார்.

நானும் ஹெட்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

"இந்தச் செவப்பு என்னாங்க?" கரைக்கு மேற்கே, ரோட்டோரமாக, மேட்டு நிலத்தில் நான் அழகாகத் தீட்டியிருந்த சிவப்புக் கட்டங்களைக் காட்டினார்.

"அது எங்க ஆபீசு. ஸ்டாப் குவார்ட்டர்ஸ்" என்றார் இன்ஜினியர்.

"தண்ணி ஏறாதுங்களா அங்க?"

"ஏறாது."

"கெணறு வெட்டுனா ஊறும். எனக்குத் தெரியும், அங்கதான் ஆடு மேய்க்கிறோம். எங்களுக்கு அந்த எடத்தக் குடுங்க. குடுத்துட்டுக் கல்லு நடுங்க."

இன்ஜினியர் படத்தைப் பார்த்தார். அந்த இடத்தை அவரே நடந்து பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்த வட்டாரத்திலேயே நல்ல இடம். "அது என் கையில இல்லைங்க" என்றார்.

"யாரு கையில இருக்குது?"

அதற்குள் கார் வந்து நின்றது. அமைச்சர் இறங்கினார். அவருக்கு அடுத்த ஊரில் இன்னொரு விழா, முகத்தில் பசி. ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருப்பதையும், நடுவில் இன்ஜினியர் உட்கார்ந்திருப்பதையும், இரண்டு பேர் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்து, விழாவின் ஏற்பாடே அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். அவரும் குனிந்து படத்தைப் பார்த்தார்.

இன்ஜினியர் எழுந்து, மண்ணைத் தட்டாமலே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஐயா, இவங்க ஊரு முழுகுது. குவார்ட்டர்ஸுக்கு வச்ச மேட்டு நிலத்த ஊருக்கு மனையாக் கேக்கறாங்க. குடுக்கலாம்னு நானும் கேட்டுக்கறேன்."

"குடுத்துடுங்களேன்" என்றார் அமைச்சர். "கல்லு எங்கே?"

கூட்டம் கைதட்டியது. அவர் அதைத் தனக்கான வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார், அதில் தப்பும் இல்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னதை யாரும் பிறகு மாற்ற முடியவில்லை.

நான் வேலையை இழக்கவில்லை. இன்ஜினியருக்குத்தான் அந்த மாத முடிவில் மாறுதல் வந்தது, வெகுதூரத்துக்கு. கிளம்புகிற அன்று என் மேசைக்கு வந்து, தண்ணீர்த் தம்ளரை எடுத்து, உள்ளே நன்றாகப் பார்த்துவிட்டுக் குடித்தார். "வரேங்க" என்றார்.

எங்கள் குவார்ட்டர்ஸைக் கரைக்குக் கிழக்கே, பாறையில் கட்டினார்கள். எங்கே தோண்டினாலும் கிணறு ஊறவில்லை. அணை கட்டுகிறவர்கள் குடிக்க மாட்டுவண்டியில் தண்ணீர் வந்தது. தேளும் வந்தது. அங்கே குடியிருந்த குடும்பங்கள் எல்லாம் காலையில் குடத்தைத் தூக்கும்போது என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தூக்கும். நானும் அதே வரிசையில்தான் குடத்தோடு நின்றேன். சரியான பதிலைச் சொன்னால் எல்லோரும் பாராட்டுவார்கள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர்கள் ஸ்டாப் குவார்ட்டர்ஸில் குடியிருந்ததில்லை.

ஹெட் ஓய்வு பெறும் நாளில் துணிந்து கேட்டேன். "சார், அன்னிக்கு வெள்ளைய கெட்டியா அடிக்கச் சொன்னீங்களே, தெரிஞ்சேதானே சொன்னீங்க?"

"மெல்லிசா அடிச்சா திட்டுத்திட்டா தெரியும்மா" என்றார். "பாக்க நல்லா இருக்காது." கண்ணாடியைக் கழற்றவில்லை. அதிலிருந்து நீங்கள் எதையாவது புரிந்துகொண்டால் சரி, எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

அணை முடிந்தது. ஓடைக்கொட்டாய்க்காரர்கள் மேட்டுக்குக் குடிபோனார்கள். பிறகு மழை பெய்யவில்லை. வருஷக்கணக்கில் அணையின் அடியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பழைய வீடுகள் கூரை இல்லாமல் அப்படியே நின்றன, ஆடு கட்டினார்கள். அந்தப் பக்கம் ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் மாதம்மாள் எதிரே வந்துவிடுவார்.

"ஏங்க டிரேசரம்மா, தண்ணி வரும்னீங்க?"

"வருங்க."

"சரிங்க" என்று போய்விடுவார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. நான் தீட்டிய தண்ணீரை நம்பி ஓர் ஊர் வீட்டைப் பிரித்துவிட்டது. அது வராமல் போனால் நான் சொன்னது உண்மையா, பொய்யா என்று மாட்டுவண்டித் தண்ணீருக்கு நிற்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம் விடாமல் பெய்தது. அணை நிறைகிறது என்று அரூர் அலுவலகத்துக்குச் செய்தி வந்து எங்கள் ஆட்களோடு ஜீப்பில் போனேன். தண்ணீர் செம்மண் குழம்பாக, பழைய ஊரின் சுவர்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்துகொண்டிருந்தது. மேட்டிலிருந்து ஊரே நின்று பார்த்தது. தங்கள் வீட்டுச் சுவர் சரியும்போது அந்தந்த வீட்டுக்காரர்கள் மெல்ல, "எங்களுது" என்றார்கள். மாதம்மாள் வீடு கடைசியில் சரிந்தது. அவர், மழையில் நனைந்து நின்ற என்னைக் கையைப் பிடித்து அவருடைய புது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

தட்டில் களி உருண்டையும் கீரைக் குழம்பும் வைத்தார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் வாசலில் நின்று, "யாருங்க இவங்க?" என்று கேட்டாள்.

"எங்கூருக்குத் தண்ணி வருதுன்னு மொதமொதல்ல சொன்னவங்க" என்றார் மாதம்மாள்.

அதை என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று முகத்தில் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. களி சூடாக இருந்தது, சாப்பிட்டேன்.